ஓடாத வேலையும் வராத மிஸ்டு காலும்

ஊரிலிருந்து எங்கே கிளம்பினாலும் அம்மா ஒன்று சொல்வார். களியக்காவிளை வரை போனாலும் அதேதான், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போனாலும் அதேதான். "போய்ச் சேந்த உடனே ஒரு மிஸ்டு கால் அடி மக்களே. நான் எடுக்க மாட்டேன், பைசா போவாது."

பூவாரில் செல்போன் வந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். இப்போது பேசுவதற்குக் காசே கிடையாது, ஆனாலும் மிஸ்டு கால்தான். சொன்ன நேரத்துக்கு அது வரவில்லையென்றால் அம்மா பத்து நிமிஷம் பொறுப்பார். அப்புறம் அப்பாவை எழுப்புவார், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரை. "ஏதாவது பிரச்சினைன்னா கூப்பிடு" என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. பிரச்சினையில் இருப்பவனால் கூப்பிட முடியாமல் போகலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இருபது வருஷமாகப் பொட்டி தட்டுகிற எனக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் சாஃப்ட்வேர் சமாசாரம் வரும். மண்டை காயாத அளவுக்குத்தான் சொல்லப்போகிறேன், ஓடிவிடாதீர்கள் :-)

சர்வர்களில் கிரான் என்று ஒரு ஆசாமி உண்டு. யூனிக்ஸோடு 1970களில் பிறந்தவர். இன்று நிறைய லினக்ஸ் பெட்டிகளில் உட்கார்ந்திருப்பது 1987ல் பால் விக்ஸி எழுதிய வடிவத்தின் வாரிசு. விண்டோஸில் இவரைப் போன்றவருக்கு டாஸ்க் ஷெட்யூலர் என்று பெயர். இத்தனை மணிக்கு இந்த வேலையைச் செய் என்று ஒரு வரி எழுதிவைத்தால், நாம் தூங்கினாலும் அவர் செய்வார். பேங்கில் ராத்திரி வட்டிக் கணக்கு போடுவது, மாசக் கடைசியில் சம்பளம் அனுப்புவது, பேக்கப் எடுப்பது எல்லாம் இவரோ இவருடைய பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளோ செய்கிற வேலைதான்.

இவரிடம் ஒரு குணம். செய்கிற வேலை ஏதாவது வாயைத் திறந்து பேசினால், அதை நமக்கு மெயிலில் அனுப்புவார். பேசவில்லையென்றால் அவரும் பேசமாட்டார். அதனால் மெயில் வராவிட்டால் எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எடுத்துக்கொள்வது எங்கள் தொழிலில் பரம்பரை வழக்கம். ஆனால் வேலை தொடங்கவே இல்லையென்றாலும் மெயில் வராது. பெட்டியே செத்துக் கிடந்தாலும் வராது. நல்லபடியாக நடந்ததன் மௌனமும் நடக்காததன் மௌனமும் கேட்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

இனி கொசுவர்த்தி சுத்தும் நேரம்.

அப்பா தபால் துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பிறந்து வளர்ந்ததெல்லாம் பூவாரும் பாறசாலையும். 1954 ஆகஸ்ட் 11ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டபோது அவருக்குப் பத்து வயது. 1956 நவம்பர் 1ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போக, தமிழர்கள் கேட்டுக்கொண்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அத்தை வீடு அந்தப் பக்கம், எங்கள் வீடு இந்தப் பக்கம். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோடு பக்கம் தண்ணீர் போய்க்கொண்டிருந்ததும் அது 2004ல் நின்றதும், எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த வருஷம் வரை தமிழ் வகுப்பு இருந்தது என்பதும், எந்த வீட்டு மணியார்டருக்காக யார் வாசலில் காத்து நின்றார்கள் என்பதும் அவர் தலைக்குள் இருந்தது. இங்கே பர்மிங்காமில் பிறந்த என் பிள்ளைகளுக்கு அதையெல்லாம் அவர் குரலிலேயே வைக்க வேண்டும் என்று ஆசை. 2018 முதல் சனிக்கிழமை சனிக்கிழமை போனில் பேசிப் பதிவு செய்யச் சொன்னேன். முதலில் வெட்கப்பட்டார். பிறகு நிறுத்தவே முடியவில்லை. ஒவ்வொன்றும் நாற்பது நிமிஷம், ஐம்பது நிமிஷம்.

மகன் இன்ஜினியர் அல்லவா, சும்மா இருப்பானா? வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை வைத்தேன், உள்ளங்கையளவு கம்ப்யூட்டர். போனில் பதிவானது வைஃபை வழியாக அதில் செருகியிருக்கும் பென் டிரைவுக்குப் போகும். போனில் இடம் குறைவு என்பதால் போனிலிருந்து அழிந்துவிடும். (இதுவும் என் புத்திசாலித்தனம்தான்.) ராத்திரி 2:15க்கு கிரான் எழுந்து, புதிதாக வந்ததை நான் வாடகைக்கு எடுத்திருந்த சர்வருக்கு அனுப்பும். ஒரு நாள் அனுப்பி முடிப்பதற்குள் மறுநாள் வேலை தொடங்கிவிடக்கூடாதே என்று ஒரு பூட்டும் போட்டேன். வேலை தொடங்கும்போது ஒரு சின்ன ஃபைலை உண்டாக்கும், முடிந்ததும் அழிக்கும். ஃபைல் இருந்தால் "ஏற்கனவே ஓடுகிறது" என்று சொல்லிவிட்டு நல்ல பிள்ளையாக வெளியே போய்விடும். தினமும் மெயில் வந்து தொல்லை செய்ததால், சொல்வதையெல்லாம் குப்பைத்தொட்டிக்கு அனுப்பு என்று கிரான் வரியின் கடைசியில் எழுதியும் வைத்தேன். தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த டெவ்-நல் தெரியும்.

2019 ஜூன் 14 ராத்திரி நல்ல மழை. ஃபைல் போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. வேலை செத்தது, பூட்டு ஃபைல் அப்படியே இருந்தது. கரண்ட் வந்தது, பெட்டி எழுந்தது. மறுநாள் 2:15க்கு கிரான் சரியாக வேலையைத் தொடங்கினார். வேலை பூட்டைப் பார்த்தது, "ஏற்கனவே ஓடுகிறது" என்று குப்பைத்தொட்டியிடம் சொல்லிவிட்டுத் திரும்பியது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

2020 ஜனவரி 11ல் பென் டிரைவ் செத்துப்போனது. பரவாயில்லை, அதற்குத்தானே பேக்கப் என்று தெம்பாக சர்வரைத் திறந்தால் கடைசி ஃபைல் ஜூன் 13 தேதியில் நிற்கிறது. 211 ராத்திரி. கிரானின் லாக்கைப் பார்த்தேன். அத்தனை ராத்திரியும் 2:15க்கு வேலையைத் தொடங்கியதாக எழுதியிருந்தது, அதில் ஒரு பொய்யும் இல்லை. அந்தப் பூட்டு ஃபைல் மட்டும் ஜூன் மாதத் தேதியோடு உட்கார்ந்திருந்தது.

தங்கமணி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நீங்க செட் பண்ணதுதானே, நீங்க ஏன் ஒரு தடவ கூடப் போய்க் கேக்கல?"

அப்பாவிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது. அவர் கோபப்படவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். "அதெல்லாம் ஒருக்கா சொல்லியாச்சுல்லா மக்களே" என்றார். வற்புறுத்தியதும் சொன்னார். நாற்பது நிமிஷக் கதை நாலு நிமிஷத்தில் முடிந்தது. அத்தை வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் பெயர் முதல் தடவை சட்டென்று வந்ததாம், இந்தத் தடவை வரவில்லை.

சரி, தொழில் விஷயத்துக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருந்த வேலை ஏன் நிற்கிறது என்று தேடினால் காரணங்கள் மழைக்காலத்து ஈசல் மாதிரி வரும். ரொம்பப் பேரைக் கவிழ்ப்பது, கையால் ஓட்டினால் ஓடும், கிரான் ஓட்டினால் ஓடாது என்பது. நம் அடுக்களையில் கண்ணை மூடிக்கொண்டு உப்பு டப்பாவை எடுப்போம். அடுத்த வீட்டில் முடியாது. கிரான் எப்போதுமே அடுத்த வீட்டு அடுக்களையில்தான் சமைக்கிறார். நமக்கு எந்தப் புரோகிராம் எங்கே இருக்கிறது என்று நம் ஷெல்லுக்குத் தெரியும், அவருக்கு ரெண்டு மூணு அலமாரிதான் தெரியும். எல்லாவற்றுக்கும் முழு முகவரி கொடுத்தால் பாதிப் பிரச்சினை போச்சு.

கிரான் வரியில் சதவீதக் குறி போட்டால் அதைப் புது வரி என்று புரிந்துகொள்வார். தேதியை ஃபைல் பெயரில் சேர்க்கப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒருமுறை இதில் விழுந்திருப்பார்கள். டெபியன், உபுண்டு பெட்டிகளில் தினசரி வேலைகளுக்கென்று இருக்கும் ஃபோல்டரில் போடும் ஸ்கிரிப்ட் பெயரில் ஒரு புள்ளி இருந்தால் போதும், அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். தமிழில் புள்ளி வைத்தால் உயிர் போய் வெறும் மெய்யாகும் என்று பள்ளியில் படித்தோமே, அங்கேயும் அதே இலக்கணம்தான் போலிருக்கிறது! சர்வரின் டைம் ஸோனை மாற்றிவிட்டு கிரானை மறுபடி தொடங்காவிட்டால் அவர் பழைய ஊர் நேரத்திலேயே இருப்பார். இங்கே மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும்போது, "இன்னைக்கு என்ன நேரத்தே விளிச்சிட்ட?" என்று அம்மா கேட்பதும் இந்த வகைதான்.

இவையெல்லாம் பெரும்பாலும் முதல் நாளே ஓடாத கேஸ்கள். நல்லா ஓடிக்கொண்டிருந்தது நிற்பது வேறு ஜாதி. டிஸ்க் நிறைந்துபோகும். வேலை யார் பெயரில் ஓடுகிறதோ அவருடைய பாஸ்வேர்டு காலாவதியாகும், லினக்ஸே அந்த வேலையை உள்ளே விடாது. விண்டோஸில் பாஸ்வேர்டை மாற்றினால் டாஸ்க்கில் சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டு செல்லாது. நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் ஒருவர் வேலையை விட்டுப் போனார், வழக்கப்படி அவர் அக்கவுண்டை மூடினார்கள், மாசக் கடைசி ரிப்போர்ட் ஒன்று நின்றுபோனது. அது அவர் பெயரில் ஓடுகிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு மாசம் கழித்துத்தான், அதுவும் ஆடிட்டர் கேட்டதால், வெளியே வந்தது.

வேர்ட்பிரஸ்ஸில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் உள்ளே இருக்கும் கிரான், யாராவது வந்து பக்கத்தைத் திறந்தால்தான் கண்விழிக்கும். காலை ஆறு மணிக்கு வரவேண்டும் என்று வைத்த பதிவு வரவில்லையா? ஆறு மணிக்கு உங்கள் கடைக்கு ஈ காக்கா வரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். (சொந்த அனுபவமா என்று கேட்காதீர்கள்.) கிட்ஹப்பில் பொதுவில் இருக்கும் கோடுக்கு நேரம் குறித்து வைத்த வேலைகள், 60 நாள் அந்தப் பக்கம் எந்த அசைவும் இல்லையென்றால் தானாக நிறுத்தப்படும்.

இப்படி ஒரு வேலை நின்றால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது? லாக்கில் அந்த நேரத்துக்கு வரி இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் கிரான் பக்கம் கோளாறு, இருந்தால் ஸ்கிரிப்ட் பக்கம் கோளாறு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தப்பில்லை. ஆனால் அது நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகு செய்கிற வேலை. என் கேஸில் அந்த லாக்கைத் தினமும் படித்திருந்தாலும் எல்லாம் சுகம் என்றுதான் நினைத்திருப்பேன். நான் இப்போது முதலில் பார்ப்பது கடைசியில் கிடைக்க வேண்டிய பொருளை: இன்றைய தேதியில் ஃபைல் இருக்கிறதா, அளவு நியாயமாக இருக்கிறதா, திறந்தால் குரல் கேட்கிறதா. அங்கிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்.

நான் மட்டும்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஆறுதலாகக் கிடைத்தது கிட்லேப் கதை. 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய இன்ஜினியர் ஒருவர், அசந்த நேரத்தில் தப்பான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். 300 ஜிபி அளவு இருந்ததில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் எங்கே என்று போய்ப் பார்த்தால் அது இருக்க வேண்டிய இடம் காலி. தினமும் நேரம் குறித்து ஓட வேண்டிய பேக்கப் வேலை, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 ஆக இருக்கும்போது 9.2க்கான கருவியை எடுத்து ஓட்டித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனைக்கும் அந்த வேலை வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை, மெயில் அனுப்பியது. அந்த மெயில்களுக்கு டிமார்க் அடையாளம் சரியில்லை என்று மெயில் சர்வர் வாசலிலேயே திருப்பிவிட்டது. வேறு காரணத்துக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்துவைத்த ஒரு பிரதியால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்ததில் ஏறக்குறைய 5000 புராஜெக்டுகளுக்கு நஷ்டம். அவர்கள் நடந்ததை ஒளிக்காமல் எழுதினார்கள், சரிசெய்வதை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அந்த நேர்மைக்கு ஒரு சலாம்.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. 2012 ஜூனில் இங்கே ஆர்பிஎஸ், நாட்வெஸ்ட், அல்ஸ்டர் பேங்க் மூன்றிலும் ராத்திரி வேலைகளை வரிசைப்படுத்தும் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கப் போய் அது குழம்பியது. லட்சக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கணக்கில் ஏறவில்லை, பில் போகவில்லை. 2014ல் கட்டுப்பாட்டு அமைப்புகள் ரெண்டும் சேர்ந்து 5.6 கோடி பவுண்டு அபராதம் போட்டன. பெரிய கேவலம்தான், ஆனால் அது மறுநாள் காலையிலேயே ஊருக்கே தெரிந்த கேவலம். பணம் வரவில்லை என்று கத்த ஆள் இருந்தார்கள். என் அப்பாவின் ஃபைல் வரவில்லை என்று கத்துவதற்கு சர்வரின் அந்தப் பக்கம் யாரும் இல்லை. யாரும் காத்திருக்காத இடத்துக்குப் போகும் வேலைதான் ஆபத்தானது. பேக்கப் எல்லாமே அந்த ரகம்.

தோற்றால் மெயில் அனுப்பு என்ற ஏற்பாட்டை நம்பாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. செத்தவன் மெயில் அனுப்பமாட்டான். தினமும் "வெற்றி" என்று மெயில் அனுப்பச் சொல்வதும் உதவாது, பத்தாம் நாள் அதைப் படிக்காமலே ஓரங்கட்ட ஒரு ஃபில்டர் போடுவோம், பதினோராம் நாள் அது வராததைக் கவனிக்கமாட்டோம். வேண்டியது அம்மாவின் முறை. வேலை முழுதாக முடிந்ததும் கடைசி வரியில் ஒரு மிஸ்டு கால், வேறொரு பெட்டிக்கு. அந்தப் பெட்டி நேரம் பார்த்துக் காத்திருக்கும். வரவில்லையென்றால் அது ஊரை எழுப்பும். இதற்கென்றே இணையத்தில் இலவச சேவைகள் இருக்கின்றன, பத்து நிமிஷ வேலை. பூட்டுக்கு நான் செய்த மாதிரி கைவேலை வேண்டாம், எஃப்லாக் என்று லினக்ஸிலேயே உண்டு. வேலை செத்தால் அந்தப் பூட்டு தானே திறந்துகொள்ளும்.

இதை அப்பாவிடம் விளக்கியபோது சிரித்தார். "இது நவம்பர் மாச விஷயம்லா?" பென்ஷன்காரர்கள் வருஷாவருஷம் நவம்பரில் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தபிறகு கைரேகை வைத்தும் கொடுக்கலாம். "ஜீவிச்சிருக்கேன்னு நானே போய்ச் சொல்லணும். சொல்லல்லன்னா செத்தாச்சுன்னு அர்த்தம்" என்று அவர் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது பார்த்தால் அடிப்படைக் கணக்கு சரிதான், மௌனத்தை அவர்கள் நம்பவில்லை. ஆனால் சான்று வரவில்லையென்றால் தண்டனை கிழவருக்கு, பென்ஷன் நிற்கும். தேய்ந்த விரலில் ரேகை விழாதது அவர் குற்றமா? மிஸ்டு கால் வராவிட்டால் அம்மா என்னைத் தண்டிப்பதில்லை, தேடுகிறார். நாம் எழுதும் ஏற்பாடும் தேடி வருவதாக இருக்க வேண்டும். தேட வேண்டியவர் அதை எழுதிவைத்தவர்தான். தங்கமணியின் கேள்விக்கு நான் தாமதமாகக் கண்டுபிடித்த பதில் அது.

அப்பா இப்போதும் சில சனிக்கிழமை பேசுகிறார், பத்து நிமிஷம். மாசத்தில் ஒரு ஞாயிறு நானும் பிள்ளைகளும் சர்வரிலிருந்து ஏதாவது ஒன்றை இறக்கிக் கேட்கிறோம். பேக்கப் சோதனை என்று நான் சொல்லிக்கொள்கிறேன், அவர்களுக்கு அது தாத்தா கதை.

போன வாரம் ராத்திரி போன் கத்தியது, பூவாரிலிருந்து வரவேண்டியது வரவில்லை என்று. அங்கே விடிந்திருக்கும், கூப்பிட்டேன். அம்மாதான் எடுத்தார்.

"ராத்திரி முழுக்க இங்க கரண்டு இல்ல மக்களே. நீ எப்பிடி அறிஞ்ச?"